மல்டிமீட்டரா, மெக்கரா, புதுக் கேபிளா? ஃபயர் அலாரத்தில் எர்த் ஃபால்ட் வந்தால்

ஐப்பசியில் நாலு நல்ல மழை பெய்துவிட்டால் போதும், என் கைப்பேசிக்கு ஒரே மாதிரி படங்கள் வர ஆரம்பித்துவிடும். சுவரில் ஃபயர் அலாரம் பேனல் என்ற சிவப்புப் பெட்டி, அதில் எரியும் மஞ்சள் விளக்கு, திரையில் எர்த் ஃபால்ட் என்று இரண்டு சொற்கள். கூடவே ஒரு குரல் செய்தியும் வரும்: "தம்பி, இது பீப் பீப்னு கத்திக்கிட்டே இருக்கு. செக்யூரிட்டி தூங்க முடியலைங்கிறான்." செக்யூரிட்டி தூங்கலாமா என்பது தனிக் கதை.

போன மழைக்குக் கூப்பிட்டது பள்ளிக்கரணைப் பக்கம் ஓர் அடுக்ககம். ஒரு பேஸ்மென்ட், அதன் மேல் இரண்டு பிளாக், ஒவ்வொன்றும் ஒன்பது மாடி. சங்கச் செயலாளர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று இடத்தில் விலை கேட்காமல் தண்ணீர்க் குழாய்கூட மாற்ற மாட்டார். இதற்கும் கேட்டிருந்தார். முதலில் வந்தவர் பேஸ்மென்ட் கேபிள் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று பெரிய கொட்டேஷன் கொடுத்திருந்தார். இரண்டாமவர் மெக்கர் (அதிக வோல்ட் செலுத்தி இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்து எல்லா லைனையும் டெஸ்ட் பண்ணித் தருவதாகச் சொல்லியிருந்தார். மூன்றாமவர் கொட்டேஷனே கொடுக்கவில்லை. "ஒரு ஜம்பரைக் கழற்றினா அந்த லைட்டே வராது சார், டீ செலவுக்குக் கொடுங்க போதும்" என்றாராம். ஜம்பர் என்பது பேனல் போர்டில் இரண்டு முனைகளைச் சேர்க்கும் சின்ன இணைப்பு.

மூன்றில் எது என்று செயலாளர் கேட்டார். அவர் மனம் மூன்றாவதன் பக்கம் சாய்வது குரலிலேயே தெரிந்தது. ஆளாளுக்கு இந்தக் கேள்வி வருவதால் அன்று அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த விளக்கு எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். ஃபயர் அலாரம் பேனல் ஓடுவது 24 வோல்ட் டி.சி.யில். உள்ளே 12 வோல்ட் பேட்டரி இரண்டு வரிசையாக இருக்கும். சார்ஜ் ஏறும்போது மொத்தம் 27 வோல்ட் வரை போகும். இந்த 24 வோல்ட்டின் பிளஸ், மைனஸ் இரண்டுமே தரையோடு சேராமல் மிதக்க வேண்டும். வீட்டு லைனின் நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரில் எர்த்தோடு சேர்ந்திருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். பேனல் தன் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே பெரிய ரெசிஸ்டன்ஸ் வழியாக ஒரு கண் வைத்திருக்கும். எந்தக் கம்பியாவது ஈரத்தாலோ, தோல் உரிந்தோ இரும்புப் பெட்டியையோ, ஆர்மர் எனும் கேபிளின் இரும்புக் கவசத்தையோ, சுவரையோ தொட்டுவிட்டால் அந்தச் சமநிலை குலையும், விளக்கு எரியும். ஒரே ஒரு இடத்தில் தொட்டால் எதுவும் நின்றுவிடாது. டிடெக்டர் புகையைப் பார்க்கும், ஹூட்டர் கத்தும். "எல்லாம் வேலை செய்யுதே, விளக்கு மட்டும்தானே" என்ற எண்ணம் வருவது இதனால்தான்.

ஜம்பர் யோசனை ஆபத்தாவதும் இங்கேதான். ஈரம் ஒரு இடத்தோடு நிற்பதில்லை. இன்று மைனஸ் கம்பி பேஸ்மென்டில் எர்த்தைத் தொடுகிறது, விளக்கை அணைத்தாயிற்று. அடுத்த மாதம் பிளஸ் கம்பி மொட்டை மாடியில் தொடுகிறது. இப்போது இரண்டு கம்பியும் கட்டடத்தின் இரும்பு வழியாகக் கை கோத்துக்கொண்டன. ஹூட்டர் லைனில் அப்படி நடந்தால் அந்த லைன் ஷார்ட் ஆகும், தீ வந்தாலும் ஹூட்டர் வாய் திறக்காது. பழைய கன்வென்ஷனல் ஸோனில் (ஒரு பகுதியின் டிடெக்டர்கள் எல்லாம் ஒரே லைனில் இருக்கும் முறை) நடந்தால் கதை நேர் எதிர். அந்த ஸோன்களில் அலாரம் என்பதே இரண்டு கம்பிக்கு நடுவே சில நூறு ஓம் ரெசிஸ்டன்ஸ் குறுக்கே வருவதுதான். இரண்டு ஈரக் கசிவு சேர்ந்து அந்த அளவுக்கு வந்துவிட்டால், இரவு இரண்டு மணிக்குக் கொட்டுகிற மழையில் ஒன்பது மாடியும் குடையோடு கீழே நிற்கும். நான் அப்படி நின்றவர்களுக்கு நடுவே டார்ச் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். அன்று கேட்ட வசவு எதையும் இங்கே எழுத முடியாது.

சில பேனல்களில் எர்த் ஃபால்ட் கவனிப்பை நிறுத்த ஜம்பர் இருப்பது உண்மைதான். இரண்டு மூன்று பவர் சப்ளைகளின் மைனஸ் ஒன்றாகச் சேரும் இடத்தில், எல்லாம் சேர்ந்து எர்த்தைக் கண்காணித்தால் ஒன்றையொன்று குழப்பும். அங்கே ஒன்று மட்டும் பார்த்தால் போதும் என்பதற்காக வைத்தது அது. விளக்கை அணைப்பதற்காக வைத்ததல்ல. இன்னும் சிலர் பேனலின் எர்த் கம்பியையே கழற்றிவிடுகிறார்கள். 230 வோல்ட் உள்ளே நுழையும் இரும்புப் பெட்டி அது. இடி மின்னல் வந்தால் சர்ஜ் தப்பிப் போகவும் அந்தக் கம்பிதான் வழி. செயலாளரிடம் ஒரே வரியில் சொன்னேன்: "சார், பி.பி. மிஷின்ல பேட்டரியைக் கழட்டிட்டா பிரஷர் இறங்கிடுமா?" அதோடு மூன்றாமவர் பேச்சு முடிந்தது.

மீதி இரண்டுக்கும் போகும் முன் காசு செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. அதை யாரும் செய்திருக்கவில்லை.

பேனலுக்கு உள்ளேயா, வெளியேயா

வெளியே போகும் எல்லா லைனையும் பேனலில் இருந்து கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். விளக்கு அணைந்தால் கோளாறு வெளியே. அப்போதும் எரிந்தால் உள்ளே. பேட்டரி கசிந்து பெட்டியின் அடியில் உப்புப் பூத்திருக்கும், அல்லது யாரோ கம்ப்யூட்டரையோ, பி.எம்.எஸ். (கட்டடத்தின் கருவிகளை ஒரே இடத்தில் கண்காணிக்கும் அமைப்பு) லைனையோ இணைத்து அதன் வழியாக எர்த்தை உள்ளே கொண்டுவந்திருப்பார்கள். பெட்டிக்குள் இருக்கும் கோளாறுக்காகப் பேஸ்மென்ட் கேபிளை மாற்றிய கட்டடம் ஒன்று எனக்குத் தெரியும். மாற்றிய பிறகும் விளக்கு எரிந்தது.

கழற்றும் முன் இரண்டு காரியம். ஒன்று, செக்யூரிட்டிக்கும் குடியிருப்போருக்கும் சொல்லிவிட்டு, மாடிக்கு ஒருவர் சுற்றி வர ஏற்பாடு செய்யுங்கள். இரண்டாவது அதைவிட முக்கியம். லிஃப்ட், ஏ.எச்.யூ. (ஏ.சி.யின் காற்று வீசும் கருவி), சர்வர் அறையின் தீயணைக்கும் கேஸ் சிஸ்டம் எதுவும் பேனலோடு சேர்ந்திருந்தால் முதலில் அதைத் தனியாகப் பிரித்து வையுங்கள். சோதனை நேரத்தில் கேஸ் சிலிண்டர் திறந்துகொண்டால் அப்புறம் எர்த் ஃபால்ட்டைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

லைனைக் கழற்றாமலே கிடைக்கும் தகவலும் உண்டு. மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்துப் பிளஸுக்கும் எர்த்துக்கும் ஒரு ரீடிங், மைனஸுக்கும் எர்த்துக்கும் ஒரு ரீடிங் எடுங்கள். மைனஸ் பக்கம் பூஜ்யத்துக்கு அருகில் இருந்து, பிளஸ் பக்கம் முழு வோல்ட்டும் நின்றால் மைனஸ் கம்பிதான் தொடுகிறது. இடைப்பட்ட ஏதோ எண்ணாக இருந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆடினால் பெரும்பாலும் ஈரம். கோளாறு இல்லாத நாளில் இந்த இரண்டு எண்ணும் எவ்வளவு என்பது பேனலுக்குப் பேனல் மாறும். வெயில் காலத்தில் ஒரு நாள் அளந்து பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டி வைப்பவன் புத்திசாலி. நான் பார்த்தவரை சென்னையில் அப்படி ஒட்டிய கதவுகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

அடுத்தது பேனலின் நினைவு. ஒவ்வொரு சாதனத்தையும் தனி எண்ணால் அறியும் இப்போதைய அட்ரஸபிள் பேனல்கள் எந்தக் கோளாறு எத்தனை மணிக்கு வந்தது, எப்போது போனது என்று வரிசையாகப் பதிந்து வைத்திருக்கும். பள்ளிக்கரணையில் அந்த லாக்கைப் புரட்டினேன். மழை நாட்களில் பல முறை வந்திருந்தது, அதில் வியப்பில்லை. மழையே இல்லாத வாரத்திலும் திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணி வாக்கில் வந்து பத்துப் பதினொன்றுக்குப் போயிருந்தது. "மழைதான் தம்பி காரணம்" என்று செயலாளர் சாதித்தார். மழை கிழமை பார்த்துப் பெய்யாது என்றேன்.

பாதியாக வெட்டுவது

இனி ஒப்பீடு. மல்டிமீட்டர் வழி என்பது லைனைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போவது. அந்த அடுக்ககத்தில் இரண்டாவது லூப்பில்தான் கோளாறு. அதில் டிடெக்டர், கால் பாயிண்ட் (கையால் அழுத்தி அலாரம் கொடுக்கும் பெட்டி), மாட்யூல் (மற்றக் கருவிகளை லூப்பில் இணைக்கும் சின்னப் பெட்டி) எல்லாம் சேர்த்து 112. ஒவ்வொன்றாகப் போனால் மூன்று நாள் ஏணி வேலை. நடுவில் பிரித்தால் 56, அப்புறம் 28, 14, 7, 4, 2, 1. ஏழே வெட்டு.

சொல்வதற்கு எளிது. செய்யும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. லூப் பேனலில் இருந்து கிளம்பிப் பேனலுக்கே திரும்பி வருவது. போகும் முனை, வரும் முனை இரண்டையும் கழற்றாமல் ஓம் அளந்தால் லைனில் வோல்ட் இருக்கும், ரீடிங் உளறும். பிளஸ், மைனஸ் இரண்டு கம்பியிலும் எர்த்துக்கு ஏதோ ஓர் எண் காட்டும். டிடெக்டர்களின் எலெக்ட்ரானிக்ஸ் வழியாக ஒன்றின் கோளாறு இன்னொன்றிலும் தெரிவதால்தான் அப்படி. குறைவாகக் காட்டுகிற கம்பிதான் குற்றவாளி. டிடெக்டர் தலையைக் கழற்றினால் லைன் பிரிந்துவிடும் என்று நினைப்பதும் ஒரு பொதுத் தவறு. பழைய கன்வென்ஷனல் பேஸ்களில் அப்படி இருக்கலாம். அட்ரஸபிள் பேஸ்களில் பெரும்பாலும் வருகிற கம்பியும் போகிற கம்பியும் ஒரே ஸ்க்ரூவில் இருக்கும், தலை இல்லாவிட்டாலும் லைன் ஓடும். ஸ்க்ரூவைத் தளர்த்திக் கம்பியைப் பிரித்தால்தான் பிரிவு.

"ஐசொலேட்டர் இருக்கே, அதுவே பிரிச்சுடாதா?" என்று இரண்டு பேரில் ஒருவர் கேட்பார். பிரிக்காது. ஐசொலேட்டர் என்பது ஷார்ட் ஆன பகுதியை லூப்பில் இருந்து பிரிக்கும் சாதனம். அது பார்ப்பது பிளஸும் மைனஸும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆவதை. ஒரு கம்பி மட்டும் எர்த்தைத் தொடுவது அதற்குத் தெரியாது. ஆனால் ஐசொலேட்டர் இருக்கும் இடம் கையெட்டும் இடமாக இருந்தால் வெட்டுவதற்கு வசதி.

கணக்குப்படி நடுவில்தான் வெட்ட வேண்டும் என்றில்லை. தண்ணீர் வரக்கூடிய பகுதியை மற்றதில் இருந்து பிரிக்கும் இடமே நல்ல முதல் வெட்டு. அங்கே பேஸ்மென்டில் இருந்து ஷாஃப்ட்டுக்குக் கேபிள் ஏறும் ஜங்ஷன் பாக்ஸில் முதலில் பிரித்தேன். ஏணியும் வேண்டாம், யார் வீட்டு மணியையும் அடிக்க வேண்டாம். ஒன்பது மாடியும் சுத்தம், கோளாறு பேஸ்மென்ட் பக்கம்.

இந்த வழியின் பெரிய லாபம் அதற்கு அடுத்த நிமிடம் தெரியும். சுத்தமான பாதியைத் திரும்பப் பேனலோடு சேர்த்துவிடலாம். லூப் முழுமையாக இல்லை என்று பேனல் முணுமுணுக்கும், ஆனாலும் ஒன்பது மாடியும் கண்காணிப்பில் இருக்கும். வேலை இரண்டு நாள் இழுத்தாலும் கட்டடம் குருடாகாது.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். மல்டிமீட்டர் ஓம் அளக்கும்போது லைனில் செலுத்துவது பொதுவாக மூன்று வோல்ட்டுக்குள்தான். தோல் லேசாக அடிபட்டு, 27 வோல்ட்டில் மட்டும் கசிகிற கம்பி அதற்கு நல்ல கம்பியாகவே தெரியலாம். கோளாறு வந்து வந்து போகும் ரகமாக இருந்தால், நாம் போகும் நேரத்தில் அது ஒளிந்துகொள்ளும். பேஷன்ட் டாக்டரிடம் போனதும் காய்ச்சல் இறங்கிவிடும் கதைதான். ஈரத்தைப் பிடிக்க ஒரு சின்ன உத்தி உண்டு. மீட்டரின் சிவப்பு, கறுப்பு முனைகளை இடம் மாற்றிப் பிடியுங்கள். செம்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் தானே ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும், அதனால் ரீடிங் இரண்டு விதமாக வரும். இங்கே ஒரு பக்கம் 8 கிலோ ஓம், மாற்றிப் பிடித்தால் 14. ஈரமே இல்லாமல் ஸ்க்ரூ கம்பியைக் கடித்து இரும்போடு சேர்த்துப் பிடித்திருந்தால் எப்படிப் பிடித்தாலும் ஒரே எண்தான். ஆனால் முன்பே சொன்னேன், நடுவே டிடெக்டர்கள் இருந்தால் அவையும் ரீடிங்கை மாற்றும். இந்த உத்தியை வெறும் கேபிளாகப் பிரித்த பிறகே நம்பலாம்.

மெக்கர்

மெக்கர் பலசாலி. 250 அல்லது 500 வோல்ட் செலுத்தி இன்சுலேஷனைச் சோதிக்கும், மல்டிமீட்டருக்குத் தெரியாத பலவீனம் அதற்குத் தெரியும். அந்தப் பலமேதான் பிரச்சினை. 24 வோல்ட்டுக்குச் செய்த டிடெக்டர் மேல் 500 வோல்ட் பாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. லைனில் உள்ள எல்லா டிடெக்டரையும், மாட்யூலையும், பேனலையும் கழற்றாமல் மெக்கர் அடிக்கக் கூடாது. "இரண்டு கோரையும் சேர்த்துக் கட்டி எர்த்துக்கு அடிச்சா டிடெக்டருக்கு ஒண்ணும் ஆகாது" என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. கட்டிய ஒரு முனை நழுவினால் போதும், ஒரு மாடி டிடெக்டருக்கு மொத்தமாகக் கொட்டேஷன் போட வேண்டி வரும். அதை நான் முயல மாட்டேன்.

ஆக, 112 சாதனத்தையும் கழற்றி, மெக்கர் அடித்து, திரும்ப மாட்டி, ஒவ்வொன்றும் பேசுகிறதா என்று பார்ப்பது என்பது புதுக் கட்டடத்தில், டிடெக்டர் மாட்டும் முன் செய்ய வேண்டிய வேலை. அங்கே அது கட்டாயம், அதைத் தவிர்க்கும் கான்ட்ராக்டரை நம்பாதீர்கள். ஓடுகிற கட்டடத்தில், பாதியாக வெட்டிச் சுருக்கிய பிறகு மிஞ்சும் ஒரு துண்டுக் கேபிளுக்கு மட்டும் மெக்கர். மல்டிமீட்டர் தேடுவதற்கு, மெக்கர் தீர்ப்புச் சொல்வதற்கு. இரண்டாமவரின் தவறு கருவியில் இல்லை, எதை முதலில் எடுப்பது என்பதில்தான்.

கேபிளை மாற்றுவது

எப்போதும் வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தப் பக்கத்து பேஸ்மென்ட்கள் பலவற்றில் தண்ணீர் நின்றது. அப்படி நாள்கணக்கில் ஊறிய ஜங்ஷன் பாக்ஸ் இருந்தால் அதன் இரு பக்கத்துக் கேபிளையும் சந்தேகப்படலாம். 2 கோர் ஆர்மர்டு கேபிளில் தண்ணீர் ஒருமுறை நுழைந்தால் ஆர்மருக்கு அடியிலேயே மீட்டர் கணக்கில் ஊர்ந்து போகும். மேலே உள்ள கிளாண்டில் (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் மூட்டு) நுழைந்து கீழே உள்ள பெட்டியில் சொட்டும். பெட்டியைத் துடைத்து, புதுக் கனெக்டர் போட்டு, சிலிக்கான் அடைத்துவிட்டு வந்தால் அடுத்த மழைக்கு மறுபடியும் வரும். ஈரம் இருக்கும் இடமும் அது நுழைந்த இடமும் வேறு வேறாக இருக்கலாம்.

தண்ணீரே இல்லாத கோளாறும் நிறைய. கிளாண்ட் அடிக்கும்போது ஆர்மரின் ஒரு இழை உள் உறையைக் குத்திக்கொண்டு இருக்கும், வருடக்கணக்கில் வலித்துக்கொண்டே இருந்து ஒருநாள் செம்பைத் தொடும். ஃபால்ஸ் சீலிங் போட வந்தவரின் ஸ்க்ரூ, ஷீல்டு கம்பியின் நீட்டிய வால், பேஸின் அடியில் நசுங்கிய கம்பி என்று பட்டியல் நீளும். இவை ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளக் கோளாறு. இதற்காக முந்நூறு மீட்டர் கேபிள் இழுப்பதும், இழுக்கும்போது புதிதாக இன்னொரு கிளாண்டைக் கெடுப்பதும் நடக்கிற கதைதான். எந்தத் துண்டு என்று நிரூபிக்காமல் முழு நீளத்துக்கும் விலை போட்டிருந்தால், தேட நேரமில்லை, உங்கள் காசில் தீர்த்துக்கொள்கிறேன் என்றுதான் அதற்கு அர்த்தம்.

பள்ளிக்கரணையில் மூன்றாவது வெட்டில் பேஸ்மென்ட் சாய்தளத்தின் ஓரம் வந்து நின்றேன். அங்கே ஒரு கால் பாயிண்ட், அதன் மேலே ஒரு ஜங்ஷன் பாக்ஸ். திறந்தால் கனெக்டர் பச்சை பூத்திருந்தது, கீழே ஒரு ஸ்பூன் தண்ணீர். பெட்டியின் மேல் பக்கம் வழியாகக் கேபிள் நுழைந்திருந்தது, கிளாண்டுக்குப் பதில் இன்சுலேஷன் டேப். அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் தரைத்தளத்தில் செம்பருத்திச் செடிகளுக்கு நடுவே இன்னொரு பெட்டி. மூடியில் நாலு ஸ்க்ரூவுக்கு ஒன்றுதான் இருந்தது. இரண்டு பெட்டிக்கும் நடுவே உள்ள கேபிளை இரு முனையிலும் கழற்றி மெக்கர் வைத்தேன், முள் எழவே இல்லை.

"தோட்டக்காரர் எந்தெந்த நாள் வருவார் சார்?" என்று கேட்டேன். செயலாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "திங்கள், புதன், வெள்ளி" என்றார். சொல்லும்போதே சிரித்துவிட்டார்.

அந்தத் துண்டு மட்டும், பன்னிரண்டு மீட்டர், மாற்றினோம். மேல் பெட்டியைச் செடிக்கு எட்டாத உயரத்தில் தூணுக்கு நகர்த்தி, கேபிள் கீழ்ப் பக்கமாக நுழையும்படி கிளாண்ட் அடித்தோம். பேனல் கதவின் உள்பக்கம் இரண்டு வோல்ட் ரீடிங்கையும் தேதியோடு எழுதி ஒட்டினேன். அடுத்த வாரமே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வந்து மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் செயலாளர் லாக் திரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஒரே ஒரு பதிவு: மெயின்ஸ் ஃபெயில், இரவு 11.40. ஈ.பி. கரண்ட் போயிருக்கிறது.